தொட்டியில்லா ஊரில் ஒரு பொட்டலம்

காயவில்லை. தொட்டுப் பார்க்காமலே தெரிகிறது, சமையலறைக்குள் நுழைந்ததும் மூக்கு சொல்லிவிடுகிறது, சோப்பும் மூத்திரமும் மக்கின துணியும் கலந்த அந்த வாசனை, ஆனாலும் கை கேட்பதில்லை, கொடியில் தொங்குகிற ஒவ்வொன்றையும் ஓரத்தில் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறது, ஏதோ ஒன்றாவது மனசு மாறியிருக்கும் என்பதுபோல. குன்னூரில் மழை பெய்வதில்லை, மேகம் வந்து குடியிருக்கிறது. மழையென்றால் நின்றுவிடும் என்று காத்திருக்கலாம், மேகத்திடம் என்ன சொல்வது, ஜன்னலைச் சாத்தினாலும் கதவிடுக்கில் நுழைகிறது, உப்பைக் கரைக்கிறது, தீப்பெட்டியை நமுத்துப்போக வைக்கிறது, கடைசியில் என் மகனுடைய இடுப்புத் துணிகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வேட்டியைக் கிழித்த சதுரங்கள் ஒருபக்கம். அவை கொஞ்சம் சீக்கிரம் காயும், ஆனால் அவன் ஒருமுறை போனால் பாய், போர்வை, என் மடி, மூன்றும் நனையும். பனியன் துணியில் நாடா வைத்துத் தைத்தவை இன்னொரு பக்கம். நாடாவை முடிச்சுப் போடுவதற்குள் அவன் குப்புறப் புரண்டு கட்டிலின் மறுகோடிக்குப் போய்விடுவான். பிறகு அந்தப் பட்டன் வைத்த துணி டயப்பர்கள், என் மனைவி தமயந்தி தேடித் தேடி வரவழைத்தவை, மேலே யானைப் படம், உள்ளே வைக்க ஒரு திண்டு. அழகாக உறிஞ்சும். உறிஞ்சியதைத் திருப்பித் தரவே தராது. முந்தாநாள் துவைத்த திண்டு இன்னும் கனத்துத் தொங்குகிறது, இஸ்திரிப் பெட்டியை அழுத்தி வைத்தால் புஸ்ஸென்று ஆவி எழும்பி முகத்தில் அடிக்கிறது, வீடே பால் கொதித்துப் பொங்கி அடிப்பிடித்தது போல நாறுகிறது. என்னைப் பற்றி யாராவது கேட்டால் சுகுணன் வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறார் என்று சொல்வார்கள். நான் பார்ப்பது துவைக்கிற வேலை, நடுநடுவே பத்திரிகை. மாப்பிள்ளை பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போய்விட்டது என்று நேற்று ஒருவர் போன் செய்தார், அப்போது என் இரண்டு கையும் வாளிக்குள் இருந்தன, தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன், போன் வாளிக்குள் விழுந்தது, எப்படியோ பிழைத்துக்கொண்டது, அந்தக் காலை இன்னும் நான் போடவில்லை. டாக்டரம்மா சொன்னது வேறு காதில் அரைத்துக்கொண்டே இருக்கிறது. தொடையிடுக்கில் சிவந்திருக்கிறது, ஈரம் படக் கூடாது, காய்ந்த துணியாகப் போடுங்கள். களிம்புக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். காய்ந்த துணிக்கு எந்தச் சீட்டை நீட்டுவது.

அதனால்தான் வாங்கினேன். அதனால் மட்டும்தானா என்று கேட்டால் இல்லை, தூக்கத்துக்காகவும்தான், தொடர்ந்து தூங்கி எத்தனையோ நாளாயிற்று, ஆனால் சிவந்திருந்தது உண்மை. மருந்துக் கடையில் என் முறை வந்தபோது குரலைத் தாழ்த்திக் கேட்டேன், ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்பவன்போல. கடைக்காரர் உரக்க, "டயப்பரா, என்ன சைஸ்?" என்றார். எனக்கு சைஸ் தெரியவில்லை. "குழந்தை என்ன வெயிட்?" அதுவும் உடனே வரவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்து, "மேடம் வீடுதானே நீங்க, மேடம்தான் இதெல்லாம் வாங்காதீங்கன்னு மீட்டிங் போட்டுச் சொன்னாங்க" என்றார். "ஊர்ல இருந்து தங்கச்சி வந்திருக்கா" என்றேன். எனக்குத் தங்கையே கிடையாது. பிரின்டருக்குப் பின்னால் பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் ஒளித்து வைத்தேன். இன்றைக்கு விடியற்காலையில் தமயந்தி வண்டியை எடுத்துக்கொண்டு போன சத்தம் வளைவில் மறைந்த பிறகு, தூக்கக் கலக்கத்தில் அழுதுகொண்டிருந்தவனுக்கு ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டேன். சர்சர்ரென்று இரண்டு பக்கமும் ஒட்டியது, நாடா இல்லை, பட்டன் இல்லை, பொழிலன் ஒரு தடவை காலை உதைத்துப் பார்த்தான், பிறகு விரலை வாயில் வைத்துக்கொண்டு தூங்கினான். நானும் பக்கத்தில் விழுந்தேன். விழித்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது, எங்கோ பள்ளிக்கூட வேனின் ஹாரன், வாயோரம் எச்சில், ஒரு கணம் நான் யார், இது எந்த ஊர் என்று தெரியாத அளவுக்குத் தூங்கியிருக்கிறேன். அவனும் சிரித்துக்கொண்டே எழுந்தான். படுக்கை காய்ந்து கிடந்தது. தொடை காய்ந்து கிடந்தது. கடைசியாக மிஞ்சியிருந்த காய்ந்த வேட்டித் துணியை அவனுக்குக் கட்டிவிட்டு இதைக் கழற்றிக் கையில் எடுத்தேன், என்ன கனம், உப்பிப்போய், உள்ளே ஏதோ பிராணி சுருண்டு படுத்திருப்பதுபோல. அப்போதுதான் உறைத்தது. இதை எங்கே போடுவது.

எங்கேயும் போட முடியாது. இந்த ஊரில் குப்பைத் தொட்டி இல்லை. முன்பு இருந்தது, தெருமுனைக்கு ஒன்று, பச்சை நிறத்தில், கரடி வந்து கவிழ்த்துவிட்டுப் போகும், அதைத்தான் என் மனைவி வார்டு வார்டாக எடுக்க வைத்தாள், நகராட்சியின் சுகாதார ஆய்வாளர் அவள், எடுத்த அன்று கேக் வாங்கி வந்தாள், நானும் சந்தோஷமாகச் சாப்பிட்டேன். இனி வீட்டுக்கு வருகிற வண்டியில்தான் கொடுக்க வேண்டும், பிரித்துக் கொடுக்க வேண்டும். வண்டியில் வருகிறவர்கள் அவளிடம் வேலை பார்க்கிறவர்கள். மேடம் வீட்டில் இது எப்படி என்று ஒருவர் முகத்தில் ஒரு கேள்வி வந்தால் போதும். எரிக்கலாமென்றால் இந்த ஈரத்தில் காகிதமே பற்றாது. புதைத்தால் இரவில் ஏதாவது வந்து தோண்டும். ஓடையில் போடுகிறவர்கள் உண்டு. அந்த அளவுக்கு நான் இறங்கவில்லை, இறங்கவில்லை என்பதில் ஒரு பெருமை வேறு. சே. ஒரு குழந்தை மூத்திரம் போனதை மறைக்க ஒரு மனிதன் இப்படி யோசிக்க வேண்டுமா. அவளோடு சண்டை போட்டிருக்கலாம், எதிரே உட்கார வைத்து முடியாது தமயந்தி, எனக்கு முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படிச் சொல்ல, அந்தச் சாயங்காலம் குறுக்கே வந்து நிற்கிறதே. பொழிலன் அப்போது வயிற்றில். வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள், தோசை வார்த்து வைத்தேன், தொடவில்லை. குப்பை பிரிக்கிற கொட்டகைக்குப் போய்விட்டு வந்திருந்தாள். "டயப்பர் மட்டும் ஒரு குவியலுங்க" என்றாள். "கையாலதான் எடுக்கறாங்க. கையுறை குடுத்தா கிழிஞ்சிடுது, கிழிஞ்ச கையுறைக்குள்ள அது போய்த் தங்கிடுது, அதுக்கு வெறுங்கையே மேல்னு கழட்டி வெச்சிட்டுச் செய்யறாங்க. நான் போய் நின்னதும் அதே கையைக் கூப்பி எனக்கு வணக்கம் வைக்கறாங்க." பிறகு வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "நம்ம வீட்டுது ஒண்ணுகூட அங்க போகக் கூடாது" என்றாள். நான் சரி என்றேன். அந்த முகத்தைப் பார்த்து வேறென்ன சொல்வது. சரி என்று சொன்னவன்தான் இப்போது துவைக்கிறான், அவளும் வந்ததும் துவைக்கிறாள், இல்லையென்று சொல்லவில்லை, கை தோல் உரிந்துபோய்த்தான் இருக்கிறது அவளுக்கும். அதுதான் எரிச்சலே. அவள் சோம்பேறியாக இருந்தால் கத்தலாம், வீம்புக்குச் சொன்னால் கத்தலாம். சரியாகச் சொல்கிறவளோடு சண்டை போட எங்கே பிடி இருக்கிறது, சுவரைப்போல வழவழவென்று இருக்கிறது அவள் நியாயம்.

பஸ் நிலையம் வரை போனால் வெளியூர் பஸ் ஏதாவது நிற்கும், அதில் ஏறி ஒரு இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு இறங்கிவிடலாம் என்றுகூடத் தோன்றியது, அப்படித் தோன்றுகிற அளவுக்கு வந்துவிட்டேன். நேற்றைய பேப்பரில் இறுக்கிச் சுருட்டி மஞ்சப்பைக்குள் போட்டேன், வேறு பை கிடையாது, பிளாஸ்டிக் பை வைத்திருந்தால் இந்த மாவட்டத்தில் அபராதம். பையின் மேல் சுத்தத்தைப் பற்றி நகராட்சியின் வாசகம் ஒன்று, நானே வடிவமைத்துக் கொடுத்தது. பொழிலனை மார்போடு கட்டிக்கொண்டு படியிறங்கினேன். கீழ்வீட்டு எஸ்தர் அக்கா ஜன்னலில் இருந்தார், எப்போதும் இருப்பார். "எங்க தம்பி, புள்ளையத் தூக்கிட்டு இந்தக் குளிர்ல?" "சும்மா, பேக்கரில வர்க்கி வாங்க." "துணி காஞ்சுதா?" "காயும் அக்கா." "பேசாம அந்தக் கடை டயப்பரப் போட்டா என்னவாம். எம் பேத்திக்கு அதுதான் போடறாங்க. ஆனா கால் வளைஞ்சிருமாம், பார்த்துக்கோங்க." போடவும் சொல்கிறார், போட்டால் கால் வளையும் என்கிறார். எல்லோரும் இப்படித்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து அம்மா போனில் துணிதான் நல்லது என்கிறாள், அடுத்த மூச்சில் ஆம்பளப் புள்ள துணி துவைக்கிறதப் பார்க்க முடியல என்று அழுகிறாள். துணி நல்லது, துவைக்கிறவன் நான் என்பதுதான் கெட்டது. "மெதுவாப் போங்க தம்பி, கீழ மாடு நிக்குது" என்று எஸ்தர் அக்கா முதுகுக்குப் பின்னால் சொன்னார். மாடு நின்றது. காட்டெருமை, நடைபாதையை அடைத்துக்கொண்டு, மேகத்தில் பாதி கரைந்து, ஈர முதுகிலிருந்து ஆவி கிளம்ப, வேலியோரப் புல்லை நிதானமாகச் சப்பிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் போகக் கூடாது, ஓடவும் கூடாது, அது நகரும்வரை நிற்க வேண்டும், இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நின்றேன். மார்பில் பொழிலனின் மூச்சு சூடாகப் பட்டது. அது என்னைப் பார்த்தது. என்ன திமிர், எதற்கும் அவசரம் இல்லை, நின்ற இடத்திலேயே சாணி போட்டது, பெரிய பெரிய வட்டமாக, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, துடைக்க வேண்டியதில்லை, காய வைக்க வேண்டியதில்லை. பொறாமையாக இருந்தது, நிஜமாகவே. இது குத்தினால் என்ன ஆகும் என்றும் ஒரு பயம் கூடவே ஓடியது, குழந்தை முன்னால் அல்லவா இருக்கிறான், திரும்பி நின்றேன், முதுகைக் காட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தபடி. பையிலிருந்து லேசாக நாற்றம் வர ஆரம்பித்தது. அவள் மத்தியானம் வந்துவிடுவாள். மாடு ஒருவழியாகத் தேயிலைக்குள் இறங்கிப் போயிற்று.

ரோட்டுக்கு வந்து பஸ் நிறுத்தத்தின் நிழற்குடைக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க நின்றதுதான் தப்பு. அங்கே தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகிற பெண்கள் சிலர் நின்றிருந்தார்கள், அதில் ஒருத்தி பொழிலனைப் பார்த்து வாயைக் குவித்துச் சத்தம் செய்தாள், நானும் அவனை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினேன், கையில் வெடுக்கென்று ஒரு இழுப்பு, அவ்வளவுதான், பை இல்லை. திரும்பினால் பையோடு ஒரு குரங்கு கைப்பிடிச் சுவரில் இருந்தது, பிறகு நிழற்குடையின் தகரத்தில். வர்க்கி என்று நினைத்திருக்கும், மஞ்சப்பை என்றால் அதற்கு வர்க்கிதான். "ஐயோ, பையத் தூக்கிடுச்சே" என்றாள் ஒருத்தி. "விடுங்க, தின்னுட்டுப் பையக் கீழ போட்டுரும்." "என்ன வெச்சிருந்தீங்க உள்ள?" ச்சூ, ச்சூ என்று கையை வீசினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. அது பேப்பரை உரித்தது, பொறுமையாக, வாழைப்பழம் உரிப்பதுபோல. உள்ளே இருந்ததை முகர்ந்து பார்த்தது. இப்போது தூக்கி எறிந்துவிடும் என்று நினைத்தேன். எறியவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தது. வெள்ளையாகப் பஞ்சு பறந்து, அதற்குள்ளிருந்து கொழகொழவென்று உருண்டை உருண்டையாக ஏதோ தகரத்தின் சரிவில் வழிந்து, சொட்டுச் சொட்டாக நிழற்குடையின் ஓரத்திலிருந்து விழுந்தது. பெண்கள் முந்தானையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு விலகினார்கள், விலகியதும் புரிந்துகொண்டார்கள், புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார்கள், ஒருத்தி கைப்பிடிச் சுவரிலேயே உட்கார்ந்துவிட்டாள் சிரிப்பு தாங்காமல். பொழிலனும் சிரித்தான், அண்ணாந்து குரங்கைப் பார்த்து, தொண்டை திறந்து, கெக்கெக்கென்று, அவனுடையது அங்கே கிழிபடுகிறது என்று தெரியாமல். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் வந்தது, அவர்கள் ஏறினார்கள், படியிலிருந்து ஒருத்தி, "விட்டுட்டுப் போங்கண்ணா, நாளைக்குக் காலைல முனிசிபாலிட்டில வந்து கூட்டுவாங்க" என்றாள்.

போயிருக்கலாம். போகத்தான் ஒரு அடி வைத்தேன். முனிசிபாலிட்டியில் வந்து கூட்டுவார்கள். அந்த வாக்கியத்தில் என்னவோ மாட்டிக்கொண்டது, செருப்பில் முள் ஏறினாற்போல, அடுத்த அடி வைக்க முடியவில்லை. கீழே கிடந்த பையை எடுத்து, குந்தி உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன். முதலில் பெரிய துண்டுகள், பிளாஸ்டிக் உறை, ஒட்டுப்பட்டை, அதெல்லாம் சுலபம். பிறகு அந்தக் கொழகொழ. வெந்த ஜவ்வரிசி மாதிரி இருந்தது, பிடித்தால் நழுவியது, அழுத்தினால் இரண்டாகியது, தூறல் பட்டதும் இன்னும் ஊதியது, புல் நுனியில் ஏறிக்கொண்டது, என் நகக்கண்ணில் போய் உட்கார்ந்தது. அட்டைத் துண்டு ஒன்றால் வழித்துப் பார்த்தேன், மண்ணோடு கலந்தது. என் மகனுடையதுதான், தினமும் தொடுகிறதுதான், வாளியில் கையை விட்டு அலசுகிறதுதான், அப்போதெல்லாம் வராத குமட்டல் இப்போது வந்தது, ஒருவேளை இது அவனுடையதாக இல்லாமல் ஆகிவிட்டதாலா, ரோட்டில் விழுந்ததும் யாருடையதோ ஆகிவிடுகிறதா. யாருடையதோ ஒன்றை நாள் முழுக்க இப்படி. ஒன்றல்ல, குவியல். கையை எங்கேயாவது துடைக்க வேண்டும் என்று தேடினேன், துடைக்க எதுவும் இல்லை, பொழிலன் என் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தான், அவன் முகத்தில் பட்டுவிடக் கூடாதே என்று கைகளை இரண்டு பக்கமும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது போன் அடித்தது. எடுக்க முடியவில்லை. நின்று, மறுபடி அடித்தது. முழங்கையால் தள்ளித் தள்ளி மடியில் விழ வைத்து, மணிக்கட்டின் பின்பக்கத்தால் தேய்த்து எடுத்தேன். தமயந்தி. "எங்க இருக்கீங்க? வீட்டு லேண்ட்லைனுக்குப் போட்டா எஸ்தர் அக்கா எடுத்து வர்க்கி வாங்கப் போனீங்கன்னாங்க." எஸ்தர் அக்கா எப்படி எங்கள் வீட்டுப் போனை எடுத்தார், கதவைச் சாத்தாமல் வந்துவிட்டேனா, அதுவும் போச்சா. "நிழற்குடைகிட்ட இருக்கேன்" என்றேன். "என்ன ஆச்சு, குரல் ஒரு மாதிரி இருக்கு. பொழிலுக்கு என்ன?" "அவனுக்கு ஒண்ணுமில்ல. தமயந்தி, காலைல அவனுக்குக் கடை டயப்பர் போட்டேன். அதக் குரங்கு பிச்சுப் போட்டுடுச்சு. ரோடெல்லாம் கிடக்கு. பொறுக்கிட்டு இருக்கேன்." அந்தப் பக்கம் வண்டிகள் போகிற ஓசை மட்டும். "அங்கேயே இருங்க" என்று வைத்துவிட்டாள்.

காக்கி மழைக்கோட்டோடு ஸ்கூட்டரில் வந்தாள். வருவதற்குள் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன், சிவந்திருந்ததை முதலில் சொல்ல வேண்டும், பிறகு டாக்டரம்மா சொன்னதை, பிறகு என் தூக்கத்தை, தூக்கத்தைச் சொல்லலாமா, தூக்கம் ஒரு காரணமா. அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, தகரத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், என் கைகளைப் பார்த்தாள். வண்டிப் பெட்டியிலிருந்து கையுறை ஒரு ஜோடி எடுத்தாள், ஒன்றைத் தான் போட்டுக்கொண்டு மற்றதை என்னிடம் நீட்டினாள், "கைய முதல்ல கழுவுங்க, தண்ணி பாட்டில் முன்னாடி இருக்கு." கழுவினேன். பக்கத்தில் குந்தினாள். கையால் பிடிக்காமல் ரோட்டோரம் கிடந்த இரண்டு ஓட்டுத் துண்டுகளால் மண்ணோடு சேர்த்து அள்ளினாள், அது வந்தது. "ரோடு கூட்டறவங்க இப்படித்தான் எடுப்பாங்க" என்றாள். ஒரு ஆட்டோ வேகம் குறைத்து, மேடத்தைப் பார்த்து, போயிற்று. அவள் நிமிரவில்லை, காது மட்டும் சிவந்திருந்தது. "திட்டணும்னா திட்டிரு" என்றேன். "எதுக்குத் திட்டறது?" "வாங்குனதுக்கு." "அது இல்ல." கொஞ்ச நேரம் அள்ளினாள். "தங்கச்சி வந்திருக்காளாமேன்னு மருந்துக்கடைக்காரர் நேத்தே கேட்டாரு. ஆமாங்கன்னேன்." நேற்றே தெரியும். இரவு சாப்பிடும்போது, பக்கத்தில் படுத்திருக்கும்போது, விடியற்காலை கிளம்பும்போது, எல்லாம் தெரிந்துகொண்டு பிரின்டர் பக்கம் திரும்பாமல் போயிருக்கிறாள். "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். "எங்க சொல்ல விட்டே" என்று கோபமாகத்தான் ஆரம்பித்தேன், "நீ அன்னிக்கு அப்படி உக்காந்திருந்தே, நான் என்னத்தச் சொல்றது, ரெண்டு பேருக்கும் கை புண்ணாயிருச்சு, ஒரு துணி காயல, அவனுக்குத் தொடை வெந்து கிடக்கு, நீ வாயத் தொறக்க மாட்டேங்கிறே." அவள் கையுறையைக் கழற்றிவிட்டுப் பொழிலனை என்னிடமிருந்து வாங்கி, துணியை விலக்கித் தொடையைப் பார்த்தாள். விரலின் பின்பக்கத்தால் மெல்லத் தடவினாள். "கொஞ்சம் அடங்கியிருக்கு." "ம்." "தூங்குனானா?" "நல்லாத் தூங்குனான்." "நீங்க?" நானும் என்று சொல்ல ஏன் அவ்வளவு வெட்கமாக இருந்தது என்று தெரியவில்லை. சொன்னேன். அவள் தலையாட்டினாள். அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை அப்போதுதான் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன், அவள் எப்போது தூங்கினாள் என்று நான் கேட்டதே இல்லை.

அள்ளியதை ஒரு பழைய பேப்பரில் மடித்து, மறுபடி ஒன்றில் மடித்து, மேலே சிவப்புப் பேனாவால் பெரிதாக ஒரு கோடு போட்டாள், பிரிக்காமல் தனியாகப் போக வேண்டியது என்று பார்த்ததுமே தெரிவதற்காக. அதை வண்டியின் கால்வைக்கும் இடத்தில் வைத்தாள். "மிச்சம் இருக்கிறத வெளிய எடுத்து வைங்க" என்றாள். "வெயில் அடிக்கிற வரைக்கும் தூங்கும்போது மட்டும் ஒண்ணு. கழட்டினத எரிக்கிற மெஷினுக்கு நானே நேரா எடுத்துட்டுப் போறேன், குப்பை வண்டில போட வேண்டாம்." நான் சரி என்றேன். ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டு, கிளப்பிய சத்தத்துக்கு மேல், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், "போடறதா இருந்தா நான் இருக்கும்போதே போடுங்க." பொழிலனைத் திருப்பிக் கட்டிக்கொண்டேன். அவன் அவள் போன திசையில் கையை நீட்டி முனகினான். வளைவுக்கு முன்னால் அவள் வண்டியை நிறுத்தித் திரும்பி, சாப்பிட வந்துவிடுவேன், சோறு ஆகிவிட்டதா என்று கேட்டாள். ஆகிவிட்டது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "இன்னும் அரிசியே களையல" என்றேன்.